ஆறு சதவீதக் குறை

1897இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் விக்டர் மேயரிடம் விடுப்பில் வந்து வேலை பார்த்தார், அமெரிக்காவிலிருந்து வந்த முப்பத்தொரு வயது வேதியியலாளர் ஒருவர். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு பென்சீன் வளையங்களைக் கட்டும் வேலை அது. மற்றவர்கள் முயன்று கைவிட்டது. மேயரே வேண்டாம் என்றார். மோசஸ் கோம்பெர்க் அதைச் செய்து முடித்தார்.

இன்றைய உக்ரைனில், அப்போதைய ரஷ்யப் பேரரசின் எலிசாவெட்கிராடில் 1866இல் பிறந்த யூதர் அவர். ஜார் ஆட்சிக்கு எதிரான சதி என்று தந்தை மீது குற்றச்சாட்டு எழ, குடும்பம் 1884இல் சிகாகோவுக்கு ஓடியது. அங்கே மாட்டிறைச்சிக் கொட்டடிகளில் கூலி வேலை செய்தபடியே படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1894இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹைடல்பர்க்கிலிருந்து திரும்பியதும் அடுத்த இலக்கை வைத்தார்: இரண்டு கார்பன்கள், ஆறு பென்சீன் வளையங்கள். பெயர் ஹெக்ஸாஃபீனைல் ஈத்தேன்.

டிரைஃபீனைல் குளோரோமீத்தேனை பென்சீனில் கரைத்து வெள்ளித் தூளோடு சேர்த்தார். வெள்ளி குளோரினைப் பறித்துக்கொள்ளும். மிஞ்சியவை இரண்டிரண்டாக இணையும். கணக்கு அதுதான். வெண்மையான படிகமும் கிடைத்தது. ஆனால் பகுத்துப் பார்த்தால் கார்பன் 88 சதவீதத்தில் நின்றது. இருக்க வேண்டியதோ ஏறக்குறைய 94. எத்தனையோ பேர் இந்த இடத்தில் ‘சரக்கு சுத்தமில்லை’ என்று குப்பையில் கொட்டியிருப்பார்கள். கோம்பெர்க் உலோகத்தை மாற்றினார், திரும்பத் திரும்பச் செய்தார், ஒவ்வொரு முறையும் அதே குறை. காணாமல்போன பங்கை நிரப்பியிருந்தது ஆக்சிஜன். அது எங்கிருந்து வந்தது? குடுவைக்குள் இருந்த காற்றிலிருந்து.

காற்றை விலக்கி, கார்பன் டை ஆக்சைடு சூழலில் செய்தபோது கரைசல் மஞ்சளாகியது. காற்றோடு குலுக்கினால் நிறம் போகும். சற்று விட்டால் திரும்பும். அயோடினையும் வந்த வேகத்தில் விழுங்கியது. நான்கு கைகளோடுதான் கார்பன் இருக்கும் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பாடம் நடந்த காலம் அது. இங்கே ஒரு கை வெறுமையாக நீட்டிக்கொண்டு நின்றது. ஃப்ரீ ராடிக்கல் என இன்று எல்லோரும் சொல்லும் தனி உறுப்பு குடுவையில் பிடிபட்டது இப்படித்தான். 1900இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவில், இந்தத் துறையைத் தமக்கே ஒதுக்கித் தருமாறு சக வேதியியலாளர்களைக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச காலத்திலேயே ஐரோப்பாவில் பலர் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

பத்தாண்டுச் சண்டை நடந்தது. மூலக்கூறு எடையை அளந்தால் இருமடங்கு வந்ததே, பின் ஏது தனி உறுப்பு என்றார்கள் எதிர்த்தவர்கள். பெரும்பகுதி இணையாகவும் சிறு பகுதி தனியாகவும் கரைசலில் இருந்தது என்பதே உண்மை. 1910இல் வில்ஹெல்ம் ஷ்லெங்க் ஏறக்குறைய முழுக்கத் தனியாகவே நிற்கும் ஒன்றைத் தயாரித்ததும் வாதம் ஓய்ந்தது.

கோம்பெர்க்குக்குக் கிடைத்தது பருத்த, சோம்பேறித் தனி உறுப்பு. சிறியவை கணத்தில் மறையும். மீத்தைல் உறுப்பை 1929இல் ஃப்ரீட்ரிக் பானெத், கண்ணாடிக் குழாயின் உட்புறத்து ஈயப் பூச்சை அது அரித்துச் செல்வதை வைத்து நிரூபித்தார். அதற்கு முன்பே, 1914இல், ரேடியக் கதிர் தண்ணீரில் படும்போது இத்தகைய உறுப்புகள் பிறக்கின்றன என்று ஊகித்திருந்தார் ஆண்ட்ரே டெபியெர்ன். அணு உலைகள் வந்த பிறகு, கதிர்வீச்சில் தண்ணீர் எப்படிச் சிதையும் என்பது அவசரக் கேள்வியானது. கதிர்வீச்சு வேதியியல் தனித்துறையாக வளர்ந்தது. 1962இல் எட்வின் ஹார்ட், ஜாக் போக் இருவரும், அந்தச் சிதைவில் பிறக்கும், தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலெக்ட்ரானின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது செல்லின் டிஎன்ஏவைத் தாக்குவதில் பெரும் பங்கு, தண்ணீர் உடைந்து உருவாகும் ஹைட்ராக்சில் உறுப்புக்கே.

கோம்பெர்க் 1947இல் மறைந்தார். கரைசலில் இணைந்திருந்த பகுதி ஹெக்ஸாஃபீனைல் ஈத்தேன்தான் என்று பாடநூல்கள் மேலும் இருபது ஆண்டுகள் எழுதின. 1968இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது வேறு வடிவம் என்று தெரிந்தது. பால் யாகோப்சன் 1905 வாக்கிலேயே சொல்லி, யாரும் பொருட்படுத்தாத வடிவம். ஹெக்ஸாஃபீனைல் ஈத்தேனை இன்றுவரை எவரும் தயாரிக்கவில்லை.