மிச்ச டைல்ஸ், உடைஞ்ச தட்டு, ஒரு மேசை

புது வீடு கட்டின யார் வீட்டுக்குப் போனாலும் மாடிப்படிக்கு அடியில ஒரு சாக்கு மூட்டை இருக்கும். உள்ள மிச்ச டைல்ஸ். பாத்ரூம்ல ஒட்டினதுல நாலு, சமையலறைல ஆறு, மூலை உடைஞ்சது பத்து. தூக்கிப் போடவும் மனசு வராது, வேற எதுக்கும் ஆகாது. கூரத்துல எங்க தெருவிலயே இப்படி ஏழெட்டு மூட்டை தேறும். இதை வெச்சு மேசைப்பலகை செய்யலாம்னு ஆரம்பிச்சு, செய்யறதை விட்டுட்டு இதோட வரலாற்றைத் தேடிப் போயிட்டேன் :-) அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம். நாம ‘மொசைக் தரை’ன்னு சொல்றது உண்மையில மொசைக் இல்ல, டெரஸ்ஸோ. சலவைக்கல் சில்லுகளை சிமெண்ட்ல கலந்து கொட்டி, மிஷின் வெச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்குறது. இதோட பூர்வீகம் இத்தாலியின் வெனிஸ். பெரிய மாளிகைகளுக்குச் சலவைக்கல் பதிச்ச கூலியாட்கள், மிஞ்சின சில்லுகளைத் தங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பதிச்சதாச் சொல்வாங்க. பெயரே மாடியிலிருந்து வந்ததுதான். முதலாளி வீட்டு மிச்சம் தொழிலாளி வீட்டுத் தரையாகி, அப்புறம் அதுவே ஃபேஷனாகி, நம்ம ஊர்த் தாத்தாக்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

உடைஞ்ச ஓட்டை ஒட்டுறதுன்னாலே எல்லாரும் பார்சிலோனாவுக்குப் போயிடுவாங்க. கௌதியின் பார்க் குயெல் (1900-1914), அதுல பாம்பு மாதிரி வளையுற பெஞ்ச். அந்த பெஞ்சின் சில்லு வேலையில பெரும்பங்கு ஜுஜோல்ங்கிற அவரோட உதவியாளருடையது. ஆனா கௌதியைத் தெரிஞ்ச அளவுக்கு ஜுஜோலை யாருக்குத் தெரியும்? பாங்காக்ல இருக்கிற வாட் அருண் கோபுரம் இதைவிடப் பழசு. சீனாவிலிருந்து வந்த கப்பல்கள் பாரத்துக்காக ஏத்திட்டு வந்த பீங்கானை உடைச்சு ஒட்டினதுன்னு சொல்றாங்க.

என்னைப் பிடிச்சு நிறுத்தினவர் வேற ஒருத்தர். ரேமோன் இஸிதோர். பிரான்ஸ்ல சார்த்ர் நகரத்துக் கல்லறையைக் கூட்டிப் பெருக்குற வேலை பார்த்தவர். 1938ல வயல் பக்கம் நடந்து போகும்போது கண்ணாடி, பீங்கான் துண்டுகள் மின்னுறதைப் பார்த்துப் பொறுக்க ஆரம்பிச்சார். தானே கட்டின சின்ன வீட்டுச் சுவர்ல ஒட்டினார். சுவர் முடிஞ்சதும் தரை. தரை முடிஞ்சதும் நாற்காலி, மேசை, கட்டில், அடுப்பு. கடைசியில மனைவியோட தையல் மிஷினைக்கூட விடலை. (அந்தம்மா என்ன சொன்னாங்களோ!) ஊரார் கேலிக்கு ‘பிக்காஸியெத்’ன்னு பெயர் வெச்சாங்க. ஓசிச் சாப்பாட்டுக்காரனைக் குறிக்கிற பிரெஞ்சு வார்த்தையை பிக்காஸோவோட முடிச்சுப் போட்ட கிண்டல் அது. அவர் 1964ல செத்துப் போனார். 1983ல அரசாங்கம் அந்த வீட்டை வரலாற்றுச் சின்னமா அறிவிச்சது. கிண்டல் பெயர்தான் இன்னிக்கு வாசல் பலகையில இருக்கிற பெயரும்.

நம்ம நாட்டு இஸிதோர் நேக் சந்த். சண்டிகர்ல பொதுப்பணித்துறையில சாலை ஆய்வாளர். பிரிவினையில சொந்த ஊரை விட்டு வந்தவர். லெ கொர்புசியே போட்ட திட்டப்படி புது நகரம் எழும்புச்சு, அதுக்காகப் பல கிராமங்களை இடிச்சுத் தள்ளினாங்க. அந்த இடிபாட்டுல கிடந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளை சைக்கிள்ல கொண்டுபோய், 1950களின் கடைசியிலிருந்து அரசாங்கக் காட்டுக்குள்ள ரகசியமா சிலைகள் செஞ்சார். கிட்டத்தட்ட 18 வருஷம்! கண்டுபிடிச்சப்ப சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. இடிச்சிருக்கணும். மக்கள் ஆதரவால தப்பிச்சு 1976ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. 1984ல அவருக்கு பத்மஸ்ரீ, 2015ல மறைவு. நேர்கோடுகளாத் திட்டமிட்ட நகரத்துல, அந்த நகரத்துக்காகப் போன வீடுகளோட துண்டுகள் ஒரு மூலையில பத்திரமா இருக்கு. எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. சிலைகள் அழகா இல்லையாங்கிறது அப்புறம்.

கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியும் இதைப் பயன்படுத்தினார். அகமதாபாத்ல அவரோட ‘சங்கத்’ அலுவலகத்து வளைவுக் கூரைகள், 1995ல திறந்த ‘குஃபா’ கூரைகள் எல்லாத்துலயும் மேலே பீங்கான் சில்லு. அலங்காரம் மட்டுமில்ல. வெள்ளைப் பளபளப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். தட்டையான முழு டைலை வளைவுல ஒட்ட முடியாது, சில்லை ஒட்டலாம்.

அதே காரணத்துக்காகத்தான் நம்ம பக்கத்து மொட்டைமாடியிலயும் கொத்தனார்கள் உடைஞ்ச வெள்ளை டைல்ஸை ஒட்டுறாங்க. வளைவு கிடையாது, ஆனா மழைத்தண்ணி ஓட வாட்டம் வேணுமே. சதுரமா வெட்டாம, கையில கிடைச்சதை அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்து, இடைவெளிக்குப் பொருந்துற துண்டை எடுத்து வைப்பார் பாருங்க, அது பெரிய வித்தை. அதை யாரும் படம் எடுத்துப் போடறதில்லை. கூரம்னா பல்லவர் செப்பேடும் கூரத்தாழ்வானும்தான் நினைவுக்கு வரும். சரிதான். மாடி ஏறிப் பார்த்தா இதுவும் இருக்கு.

இனி மேசைக்கு வருவோம். சுவர் டைல்ஸ் மெல்லிசு, இடுக்கி வெச்சு நறுக்கினா சொன்னபடி கேட்கும். விட்ரிஃபைடு கல்லு மாதிரி, கையைத்தான் பதம் பார்க்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு, சாக்குக்குள்ள வெச்சு சுத்தியால தட்டுறது உத்தமம். ரெண்டையும் கலந்தா கனம் ஒத்துப் போகாம டம்ளர் ஆடும். மெல்லிசுக்கு அடியில பசையைக் கூடக் கொடுத்து, ரசமட்டம் வெச்சுப் பார்த்துக்கணும். பலகை தண்ணி உறிஞ்சாததா இருக்கணும், இல்லேன்னா உப்பிப்போய் துண்டெல்லாம் கழண்டு வந்துடும். ஒட்டினது காய ஒரு நாள் விட்டு, இடுக்குல ஒயிட் சிமெண்ட் அடைச்சு, ஈரத்துணியால துடைச்சா, மூட்டையில இருந்தது எந்த பாத்ரூம் டைல், எந்த அடுப்பங்கரை டைல்னு அடையாளம் தெரியும்.