இன்டேக் மேனிஃபோல்டு கசிவு: கண்டறியும் முறைகளின் வரலாறு

இன்டேக் மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் கிளைக்குழாய் ஆகும். அது சிலிண்டர் ஹெட்டுடன் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கப்படுவது கேஸ்கெட். கேஸ்கெட் பழுதானால் கூடுதல் காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலின் விகிதம் குறைகிறது.

தொழிற்பகுதி

சென்னையின் மேற்குப் புறநகர் வாகனத் தொழிலால் வளர்ந்த பகுதி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. அருகிலுள்ள பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகியவை உதிரிபாகங்களைத் தயாரித்தன. அன்று ஓடிய அம்பாசிடர், ஃபியட் முதலியவை கார்புரேட்டர் கார்கள்.

கார்புரேட்டர் காலம்

புகுந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் கூட்டக் கார்புரேட்டருக்குத் தெரியாது. எனவே ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்கும். 'உஸ்' என்ற ஒலியும் கேட்கும். மெக்கானிக்குகள் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் ஒலி வரும் இடத்தைத் தேடினர். வேக்குவம் கேஜும் பயன்பட்டது. நல்ல எஞ்சினில் ஐடிலிங்கின்போது முள் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாது நிற்கும், கசிவிருந்தால் இறங்கும். இணைப்பின் மேல் பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் தீ விபத்துக்கு வழிவகுக்கும். அதைத் தவிர்க்க வேண்டும்.

கணினிக் காலம்

1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2001-இல் பாரத் நிலை-2 விதிகள் சென்னைக்கு வந்தன. இதையொட்டி எரிபொருள் ஊசிமுறை பரவியது. ஆக்சிஜன் சென்சார் காட்டும் குறையைக் கணினி பெட்ரோல் கூட்டிச் சரிசெய்ததால், சிறு கசிவுகள் வெளியே தெரியாமல் மறைந்தன.

2013 முதல் ஓபிடி-2 முறை கட்டாயமானது. அதில் 'பி0171' என்ற குறியீடு கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே சொல்லும். கேஸ்கெட் கசிந்தாலும், பெட்ரோல் பம்பு பலவீனமானாலும் அதே குறியீடு வரலாம். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், கணினி செய்யும் திருத்தம் ஐடிலிங்கில் அதிகமாகவும் 2,500 சுற்றில் குறைவாகவும் இருந்தால் கசிவு என ஐயுறலாம். ஐடிலிங்கில்தான் உள்ளிழுப்பு வலுவாக இருக்கும். வேகம் கூடும்போது திருத்தமும் கூடினால் பம்பைச் சோதிக்க வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் இவ்வேறுபாடு தெளிவாக இராது. ஐடிலிங் வேகம் உயர்வதே முதல் அடையாளமாகலாம்.

கசிவின் இடத்தை உறுதிசெய்யப் புகைச் சோதனை உதவுகிறது. எஞ்சினை நிறுத்தி, மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தினால், பழுதான இடத்தில் அது வெளியே கசியும். குறியீட்டை மட்டும் நம்பிப் பாகத்தை மாற்றினால் பணம் வீணாகும், கோளாறும் நீடிக்கும். ஸ்கேனர் தேடும் எல்லையைக் குறுக்குகிறது. கசியும் இடத்தை இன்றும் மெக்கானிக்கின் கண்ணே கண்டுபிடிக்கிறது.