'பாஸிங் ஸ்ட்ரேஞ்ச்': கலையைத் தேடிப் போன மகன், தொலைபேசியில் அழைத்த தாய்

பிராட்வே இசை நாடகங்களின் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாகின்றன. மேடையில் பாடியவர்களே அங்கு வந்து மீண்டும் ஒருமுறை பாடுவார்கள். பிசிறில்லாமல் இருக்கும். கேட்க ஆள் இருக்காது.

'பாஸிங் ஸ்ட்ரேஞ்ச்' என்ற ராக் இசை நாடகத்தின் தொகுப்பு அப்படி உருவானதன்று. 2008 ஏப்ரலில் நியூயார்க்கின் பெலாஸ்கோ அரங்கில், ரசிகர்கள் முன்னிலையில் குழுவினர் பாடியதைப் பதிவுசெய்து, அதே ஆண்டு 'கோஸ்ட்லைட் ரெகார்ட்ஸ்' நிறுவனம் வெளியிட்டது. சிரிப்பும் கைத்தட்டலும் பாடலோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. நாடகத்தின் தன்மைக்கு இதுவே பொருத்தம். நடுவயதுக் கலைஞர் ஒருவர் தம் இளமைக்காலத்தை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி விசாரிக்கும் கதை இது. விசாரணைக்குச் சாட்சிகள் வேண்டுமல்லவா!

அந்தக் கலைஞர் ஸ்டூ. இயற்பெயர் மார்க் ஸ்டூவர்ட். 1961இல் லாஸ் ஏஞ்சலிசில் பிறந்தவர். 'தி நீக்ரோ பிராப்ளம்' என்று வேண்டுமென்றே உறுத்தும் பெயரில் ஒரு ராக் இசைக்குழுவை நடத்தி வந்தார். நாடகத்தின் உரையாடலையும் பாடல் வரிகளையும் எழுதியவர் அவர். அதே இசைக்குழுவைச் சேர்ந்த ஹைடி ரோட்வால்டும் அவரும் சேர்ந்து இசையமைத்தனர். ஆனி டோர்சன் அவர்களுடன் இணைந்து நாடகத்தை உருவாக்கி இயக்கினார்.

சன்டான்ஸ் நாடகப் பயிலரங்கில் வடிவம் பெற்ற படைப்பு 2006இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அரங்கேறியது. மறு ஆண்டு நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர், 2008 பிப்ரவரி 28ஆம் தேதி பிராட்வே என்று வளர்ந்தது. இசை நாடகம் எழுதிப் பழக்கமில்லாத ராக் பாடகர் ஒருவர் நேராகப் பிராட்வே போய்ச் சேர்ந்தது அபூர்வம். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் இரவும் கதைசொல்லியாக மேடையில் நின்றார்.

கதையின் நாயகனுக்குப் பெயர் கிடையாது. 'இளையர்' என்று மட்டுமே குறிப்பிடப்படுகிறார். டேனியல் பிரேக்கர் நடித்தார். 1970களின் லாஸ் ஏஞ்சலிஸ். நடுத்தரக் கறுப்பினக் குடும்பம். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு வா என்று வற்புறுத்தும் தாய். மகனுக்கோ வழிபாட்டில் நாட்டமில்லை. ஆனால் அங்கு பாடப்படும் பாடல்களில், தான் கேட்கும் ராக் இசையின் அதே துடிப்பு இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். இந்த முதல் கண்டுபிடிப்பை நற்செய்தி இசையாகத் தொடங்கி ப்ளூசுக்கும் ராக்கிற்கும் தாவும் பாடல் ஒன்றிலேயே காட்டிவிடுகிறார்கள். வசனமாகச் சொல்லியிருந்தால் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

தேவாலயப் பாடகர் குழுவை வழிநடத்தும் ஃபிராங்க்ளின் என்பவர்தான் இளையரின் மனத்தில் ஐரோப்பாவை விதைக்கிறார். ஜேம்ஸ் பால்ட்வின், ஜோசஃபின் பேக்கர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் கடல் கடந்து போய்ச் சுதந்திரமாக வாழ்ந்ததைத் தம் காருக்குள் உட்கார்ந்து சொல்லித் தருகிறார். ஆனால் அவர் எங்கும் போனதில்லை. தந்தையின் தேவாலயத்தை விட்டு வெளியேறும் துணிவு அவருக்கு இல்லை. இந்தப் பகுதியில் வரும் 'ஆர்லிங்டன் ஹில்' பாடல் தொகுப்பின் அமைதியான பாடல்களுள் ஒன்று. போகாத ஊருக்கு வழி சொல்பவரின் ஏக்கம் அதில் முழுக்க இருக்கிறது.

இளையர் போகிறார். முதலில் ஆம்ஸ்டர்டாம். அப்போதுதான் பழகிய மரியானா என்ற பெண் தன் வீட்டுச் சாவியையே எடுத்துக் கொடுக்கிறாள். தன்னைச் சந்தேகத்தோடு பார்க்காத ஓர் ஊர் இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. 'கீஸ்' என்ற அந்தப் பாடல், சாதாரண சாவிக்கொத்து ஒன்றை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல உயர்ந்து கொண்டாட்டமாகிறது. ஆனால் நிம்மதி வந்ததும் பாட்டு வரவில்லை. காயம் இல்லாமல் கலை இல்லை என்று முடிவுகட்டி, அந்த அன்பை உதறிவிட்டு பெர்லினுக்குக் கிளம்புகிறார்.

என் பார்வையில் தொகுப்பின் கனமான பகுதி பெர்லின்தான். அங்குள்ள புரட்சிக் கலைஞர் கூட்டத்தில் இடம்பிடிக்க இளையர் ஒரு வேடம் போடுகிறார். வறுமையிலும் வன்முறையிலும் வளர்ந்த சேரிப் பிள்ளை என்று தம்மைக் காட்டிக்கொள்கிறார். வசதியான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சேரியைப் பற்றி என்ன தெரியும்? இருந்தும் வேடம் எடுபடுகிறது. 'தி பிளாக் ஒன்' பாடல் கேட்பதற்குக் கேளிக்கை விடுதிப் பாட்டுபோல் குதூகலமாக இருக்கும். சிரித்துக்கொண்டே கேட்டு முடித்த பிறகுதான், அவர் தம்மையே காட்சிப்பொருளாக்கி விற்றிருக்கிறார் என்பது உறைக்கிறது. சொந்த ஊரில் காதலித்த பெண்ணும் அவர் இன்னும் 'கறுப்பராக' இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தாள். அதிலிருந்து தப்பிக்கக் கடல் கடந்தவர், அதே வேடத்தை வேறோர் ஊரில் தாமாகவே விரும்பிப் போடுகிறார்.

தலைப்பின் பொருளும் இங்குதான் திறக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் வரும் தொடர் அது. ஒத்தெல்லோ தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல, கேட்ட டெஸ்டிமோனா அதைப் பெருவிந்தை என்று வியந்து காதல் கொண்டாள் என்பது அங்குள்ள செய்தி. அக்கால ஆங்கிலத்தில் அந்த முதல் சொல்லுக்கு 'மிகவும்' என்று பொருள். அமெரிக்கக் கறுப்பின வரலாற்றில் அதே சொல், வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள் வெள்ளையராக வேடமிட்டு வாழ்ந்ததைக் குறிக்கும். கடந்துபோகும் பருவம் என்றும், இறப்பு என்றும்கூட அது பொருள்தரும். சொந்தக் கதையைச் சொல்லியே அந்நியரின் அன்பை வென்ற ஒத்தெல்லோவுக்கும், பொய்க் கதை சொல்லி இடம்பிடித்த இளையருக்கும் இடையிலான தூரத்தை ஸ்டூ ஒரே தலைப்பில் அளந்துவிடுகிறார்.

கிறிஸ்துமஸ் வருகிறது. குடும்பம் என்பதே பழைமைவாதம் என்று முழங்கிய பெர்லின் தோழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் பெற்றோர் வீட்டுக்குப் போகிறார்கள். தாய் தொலைபேசியில் அழைத்தும் இளையர் மட்டும் போகவில்லை. அடுத்து அவர் ஊர் திரும்புவது தாயின் இறுதிச்சடங்கிற்குத்தான்.

தாயாக நடித்த ஐசா டேவிஸ் நாடகாசிரியரும்கூட. மேடையில் தாய்க்கு அதிக நேரமில்லை. ஆயினும் அவரது குரல் நின்றபிறகு தொகுப்பில் ஏற்படும் வெறுமை தெளிவாகத் தெரிகிறது. அதுவரை தெருக்கூத்தின் கட்டியங்காரனைப்போல் கதைக்கு உள்ளும் வெளியும் நடமாடி, கிண்டலடித்துக்கொண்டிருந்த கதைசொல்லியின் குரலும் மாறுகிறது. 'வொர்க் த வூண்ட்' பாடலில் ஸ்டூ தம்மையே கூண்டில் ஏற்றுகிறார். வலியைத் தோண்டித் தோண்டிப் பாட்டாக்கும் தொழில் அந்த வலியை ஆற்றுகிறதா என்பதே கேள்வி. தாயைப் பாட்டில் திரும்பக் கொண்டுவர முடியும் என்று இளையர் நம்புகிறார். வயதான கதைசொல்லிக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒரே மனிதனின் இரு வயதுகள் எதிரெதிரே நின்று வாதாடுகின்றன.

குரல்களைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின் மூன்றிலும் வரும் மற்ற பாத்திரங்களை நான்கே கறுப்பின நடிகர்கள் ஏற்றனர். ஃபிராங்க்ளினாகப் பாடிய கோல்மன் டொமிங்கோவே பெர்லினில் மிஸ்டர் வீனஸ் ஆகிறார். ஊர் மாறினாலும் அதே குரல்கள் வேறு உச்சரிப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. டொமிங்கோ பின்னாளில் 'ரஸ்டின்', 'சிங் சிங்' படங்களுக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவரைத் திரையில் மட்டும் அறிந்தவர்கள் இங்கு வியப்படைவார்கள்.

டோனி விருதுகளில் 7 பிரிவுகளில் நியமனம் பெற்ற நாடகம், சிறந்த நாடகப் பிரதிக்கான விருதை மட்டும் வென்றது. சிறந்த இசை நாடக விருது 'இன் த ஹைட்ஸ்' படைப்புக்குப் போனது. 165 காட்சிகளோடு 2008 ஜூலை 20ஆம் தேதி திரை விழுந்தது. கடைசிக் காட்சிகளை இயக்குநர் ஸ்பைக் லீ படமாக்கினார். அது 2009இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2024இல் லண்டனின் யங் விக் அரங்கு நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது.

இசைத்தொகுப்பில் உரையாடல் முழுமையாக இல்லை என்பதால், கதை புரிய வேண்டுமென்றால் ஸ்பைக் லீயின் படத்தை முதலில் பார்ப்பது நல்லது. போதைப்பொருள், பாலியல் தொடர்பான பாடல்களும் வெளிப்படையான சொற்களும் உண்டு. பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு கேட்பதற்கானதன்று. நேரம் குறைவாக இருப்பவர்கள் 'கீஸ்' பாடலையும் 'வொர்க் த வூண்ட்' பாடலையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். முதல் பாடலில் பிறர் தந்த சாவியை வாங்கிக்கொண்டு துள்ளுபவரும், இரண்டாவதில் வீட்டுக்குப் போகத் தவறியதை எண்ணிப் பாடுபவரும் ஒரே ஆள்தான். இடையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள்.