மழை அங்கியும் தெறித்துளையும்

1823இல் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் சார்ள்ஸ் மக்கின்ரொஷ், இரு துணிகளுக்கு நடுவே இறப்பரை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துணி நீரைத் தடுத்தது. தையற்காரரின் ஊசித்துளைகளில் ஒழுகியது. முன்புறத் தெறித்துளையோ அதனிலும் பெரிய வாசல். மழையில் நின்று குறிப்பெடுத்த செய்தியாளன் என்ற வகையில் சொல்கிறேன்: நெஞ்சிலே கசியும் அங்கி அங்கியே அல்ல.

முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பிரித்தானிய அதிகாரிகள் அணிந்த அங்கி, பூட்டை மாற்றாமலே இதற்கு வழி கண்டது. முன்பகுதிகள் இரண்டும் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. இரட்டை வரிசைத் தெறிகள் அவற்றை இறுக்கின. துளைவழி நுழையும் நீரை உள்மடிப்பு மறித்தது.

1917இல் கிடியன் சுண்ட்பக் காப்புரிமை பெற்ற சிப் விரைவாகப் பூட்டும். ஆயினும் சாதாரண சிப்பின் பற்களிடையே நீர் கசியும். ஆகவே அதன்மீதும் ஒரு துணிமடிப்பைத் தைத்து, அழுத்துதெறிகளால் மூடலாயினர்.