திரும்பாத தடி

முயல் வேட்டையில்தான் வளரி என்னும் எறிதடி பிறந்திருக்க வேண்டும். திண்டுக்கல், மதுரை, சிவகங்கைப் பக்கத்து மேட்டுக்காடுகளில் புதருக்குப் புதர் தாவும் முயல்மேல் ஈட்டி எறிந்து பயனில்லை. வளைந்த தடியைத் தாழ்வாகச் சுழற்றி விட்டால், தன் நீளத்துக்குத் தரையைக் கூட்டிக்கொண்டே போகும். எங்கே பட்டாலும் கால் முறியும். மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்றுச் சுற்றி வீச வேண்டும். கனத்த முனை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும்.

திரும்பி வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேட்டைக்காரனுக்குத் தடி எதற்குத் திரும்ப வேண்டும்? பட்டு விழுந்தால் போதாதா?

காட்டுத்தடி பிறகு போர்க்களம் ஏறியது. 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் தங்கித்தான் படை திரட்டினார். அவருக்குத் துணைநின்ற மருது சகோதரர்கள் வளரியில் பேர்போனவர்கள். தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். கைதேர்ந்தவன் விட்டால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். 1801-இல் அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் வெல்ஷ் இருந்தார். கற்றுக்கொடுத்தவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

அதன்பின் ஆயுதப் பறிப்பு. வளரி ஒடுங்கியது. கள்ளர் திருமணங்களில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை 1909-இல் இனவரைவியலாளர் தர்ஸ்டன் பதிவு செய்தார். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன.

ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகளின் பூமராங் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும். யோர்ட்டா யோர்ட்டா இனத்து பில் ஓனஸ் விடவில்லை. 1952-இல் மெல்பர்ன் அருகே பெல்கிரேவில் கடை திறந்தார். பூமராங்கை அவருடைய மக்களே செய்தார்கள், அவர்களே விற்றார்கள். வாங்க வந்தவர்கள் முன்னால் அவரே வீசிக் காட்டினார். வெறும் வேடிக்கைக்காரர் அல்லர். 1967 பொதுவாக்கெடுப்பில் பூர்வகுடி உரிமைக்காக உழைத்தவர்.

நமக்கும் சிலம்பக் கூடங்களில் வளரி வீச்சு கற்றுத்தருபவர்கள் இருக்கிறார்கள். விழா மேடையோடு அது நின்றுவிடுவதுதான் என் குறை. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் வளரி செதுக்கி விற்கும் கடையும், பின்னால் வீசிப் பார்க்க ஒரு பொட்டலும் வரட்டும். முதல் ஆளாகப் போவேன். விலை கூடுதலாக இருந்தாலும் பேரம் பேசமாட்டேன்.