சுடருக்குள் பிறக்கும் கரி



ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் வாழும் நமக்குப் பால்மரக்காடு புதிதல்ல. அந்நாளில் விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு எழும். அது எரிகையில் பளிச்சென்று ஒளி வீசும். அந்த ஒளி எங்கிருந்து வந்தது?

இதை மக்களுக்கு விளங்கச் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றிச் சொற்பொழிவு தொடங்கினார். சுடரின் ஒளிமிக்க பகுதியில் கண்ணாடிக் குழாயை நுழைத்தார், கரும்புகை வந்தது. சூடேறிய கரித்துகளே ஒளிர்கிறது என்பது தெளிவாயிற்று.

அத்துகளைப் பிடிப்பது எப்படி? நம் பாட்டிமார் விளக்குச் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி எடுத்தார்களே, அதே வழிதான். விஞ்ஞானிகள் மெல்லிய வலைத்தகட்டை இமைப்பொழுது சுடரில் நுழைத்தெடுத்து, எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தார்கள். முற்றிய துகள்கள் ஏறத்தாழ 20 முதல் 40 நானோமீட்டர் இருந்தன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கே நானோமீட்டர்.

அப்போதுதான் பிறந்த துகளோ இரண்டு மூன்று நானோமீட்டர்தான். லேசர் ஒளியால் துகள்களைச் சூடாக்கி, அவை ஒளிர்ந்து ஆறும் வேகத்தைக் கொண்டு அளவு கண்டார்கள். பச்சிளம் துகள்கள் அதற்கும் எளிதில் அகப்படவில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் புற ஊதா ஒளியைக் கொண்டு அவற்றைத் தேடினார்கள். பின்னர் 2010-களில், ஊசிமுனையால் தடவிப் பார்க்கும் நுண்நோக்கி, துகளாகத் திரளும் மூலக்கூறுகளையே காட்டியது. தேனடை அறைகள்போலக் கரி வளையங்கள் ஒட்டியிருந்தன.

இவ்வளவு பாடு எதற்கு? சிறிய துகளே நுரையீரலின் அடிவரை போகும். காற்றில் கலந்தால் வெயிலையும் மறைக்கும். தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன் முதலானோர் 1999-இல் கப்பலிலும் விமானத்திலும் சென்று, இந்தியப் பெருங்கடலின்மேல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம்வரை புகைமூட்டம் பரவியிருக்கக் கண்டார்கள். கரித்துகளும் அதில் கலந்திருந்தது.

விறகடுப்பின் முன்னே இருமிய நம் தாய்மாரை நினைப்போம். சுவரில் படிந்த கரி நம் கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சோடு உள்ளே போனது தெரியவில்லை. இனி நம் வீட்டு எரிவாயு அடுப்பைக் கவனிப்போம். நீலச்சுடர் நல்லது. மஞ்சள் தெரிந்தால் அங்கே கரி பிறக்கிறது; அடுப்பின் துளைகளைத் துப்புரவு செய்து, சன்னலைத் திறந்து வைப்போம்.