இரண்டு வரியில் ஒரு செயற்கைக்கோள்

மலர்க் குழு நண்பர்கள் "வரலாறு சம்பந்தமாக ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டபோது, கல்லூரி வரலாற்றைத்தான் கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். அதை எழுத மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேறொரு சின்ன வரலாறு.

ஸ்டெல்லேரியம், கேஸ்டார்ஸ் மாதிரி வானத்தைக் காட்டும் மென்பொருள்களை நம் ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி ஊர்ந்து போகும். பக்கத்தில் 'சர்வதேச விண்வெளி நிலையம்' என்று பெயர் போட்டிருக்கும். அந்தப் புள்ளியை யாரும் அந்த நேரத்தில் பார்த்து அங்கே வைக்கவில்லை. அது முழுக்க முழுக்கக் கணக்கு. ஒரு நாட்டின் ராணுவம் தனக்காகப் போட்ட அந்தக் கணக்கு, நம்மைப் போன்றவர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்த கதைதான் இது.

1957 அக்டோபர் 4. ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவிவிட்டார்கள். அது எங்கே போகிறது என்று பார்க்க அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் வானாய்வகத்தின் ஃப்ரெட் விப்பிள் 'மூன்வாட்ச்' என்ற தொண்டர் படையை ஏற்கெனவே திரட்டி வைத்திருந்தார். சின்னச் சின்ன தொலைநோக்கிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். யாருடைய பார்வையில் புள்ளி கடக்கிறதோ அவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! பிறகு பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்கள் உலகில் 12 இடங்களில் வந்தன. அதில் ஒன்று நம் நைனிதாலில் இருந்தது.

அதே சமயம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் ஸ்புட்னிக்கின் 'பீப் பீப்' ஒலியை ரேடியோவில் பிடித்தார்கள். ரயில் கடந்து போகும்போது விசிலின் ஸ்ருதி இறங்குமே, அந்த டாப்ளர் விளைவை மட்டும் வைத்துக்கொண்டே சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இன்னும் சுவாரசியம். கெட்டரிங் கிராமர் ஸ்கூல் என்ற பள்ளியின் பௌதிக ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, மாணவர்களோடு சேர்ந்து ரஷ்ய செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1966இல் ஒரு பாதையின் சாய்வு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அதை வைத்து, ரஷ்யா வடக்கே ஒரு புதிய ஏவுதளத்தைத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் ப்ளெசெட்ஸ்க். ரஷ்யா அதுவரை வாய் திறக்காத விஷயம், ஒரு பள்ளிக்கூட ரேடியோவில் வெளியே வந்துவிட்டது!

இதெல்லாம் தனித்தனி முயற்சிகள். வானத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தது அமெரிக்க ராணுவம்தான். பட்டியலின் முதல் எண் ஸ்புட்னிக்கை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுக்கு. ஸ்புட்னிக்குக்கே இரண்டாம் எண்தான். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குத் தகவல் போவது 80 கட்டங்கள் கொண்ட பஞ்ச் கார்டு வழியாக. ஆகவே ஒரு செயற்கைக்கோளின் முழு ஜாதகத்தையும் இரண்டு அட்டைக்குள் அடக்கினார்கள். இன்றும் அதன் பெயர் 'டூ லைன் எலிமெண்ட்', சுருக்கமாக டி.எல்.இ. வரிக்கு 69 எழுத்து.

அந்த இரண்டு வரிக்குள் இடத்தை எப்படி மிச்சம் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். சுற்றுப்பாதையின் நீள்வட்டத் தன்மை 0.0006703 என்றால் 0006703 என்று மட்டும் இருக்கும். புள்ளி எங்கே என்று படிப்பவருக்குத் தெரியும், அதற்கு ஏன் ஒரு கட்டத்தை வீணாக்க வேண்டும்? தேதியும் அப்படியே: 2008 செப்டம்பர் 20 என்பது 08264, அதாவது அந்த ஆண்டின் 264ஆம் நாள். பாதையின் சாய்வு, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, காற்றின் இழுவை எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் ஒரு சரிபார்ப்பு எண். விண்வெளி நிலையத்தின் வரியை எடுத்தால் சாய்வு சுமார் 51.6 டிகிரி, நாளுக்குச் சுமார் 15.5 சுற்று.

ஆனால் இந்த வரிகளை வாங்கி கெப்ளர் விதியில் போட்டால் சரியான விடை வராது. பூமி சுத்தமான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் தொப்பை. அந்தத் தொப்பை இழுப்பதால் விண்வெளி நிலையத்தின் பாதையே தினமும் சுமார் 5 டிகிரி மேற்கே திரும்பிவிடுகிறது. டி.எல்.இ.யில் இருப்பவை ஒரு வகைச் சராசரி எண்கள். எந்தக் கணக்கு முறையில் சராசரி எடுத்தார்களோ, அதே முறையில்தான் அவிழ்க்க வேண்டும். அந்த முறையின் பெயர் எஸ்.ஜி.பி.4. பூட்டு ஊருக்கெல்லாம் கிடைத்து, சாவி மட்டும் ராணுவத்திடம் இருந்த மாதிரி.

1980இல் ஹூட்ஸ், ரோரிக் இருவரும் 'ஸ்பேஸ்ட்ராக் ரிப்போர்ட் 3' என்ற அறிக்கையில் அந்தச் சாவியைக் கொடுத்தார்கள். வெறும் சமன்பாடுகள் மட்டுமல்ல, ஃபோர்ட்ரான் புரோகிராமையே முழுதாக அச்சடித்து, சோதித்துப் பார்க்க விடைகளையும் சேர்த்திருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் திருப்பம் ஸ்புட்னிக் அல்ல, இந்த அறிக்கைதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் புரோகிராமைச் சேர்க்க மறுக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க.

சாவி வந்தும் வரிகள் வருவது லேசான காரியமாக இல்லை. நாசா அவற்றைக் காகிதத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பியது. ஒவ்வொரு எண்ணையும் கையால் தட்ட வேண்டும். ஒன்று தப்பினால் செயற்கைக்கோள் எங்கோ போய்விடும். சரிபார்ப்பு எண்ணின் அருமை அப்போதுதான் தெரியும். டி.எஸ்.கெல்சோ என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி 1985இல் தொலைபேசி மோடம் வழியாக இந்த வரிகளை யாரும் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1988இல் ஸ்பேஸ்ட்ராக் அறிக்கையையும் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றி வெளியிட்டார். அவர் நடத்தும் செலஸ்ட்ராக்கிலிருந்துதான் இன்றும் பல மென்பொருள்கள் வரிகளை எடுத்துக்கொள்கின்றன.

அதன்பிறகு டாஸ் காலத்தில் இன்ஸ்டன்ட் ட்ராக், ட்ராக்சாட் என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு. அவர்களுக்கு ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்புவது என்று தெரிந்தால் போதும், பின்னணியில் நட்சத்திரம் வேண்டாம். வான வரைபட மென்பொருளில் செயற்கைக்கோளைச் சேர்ப்பது வேறு மாதிரிச் சிக்கல். நட்சத்திரத்துக்கு நீங்கள் 100 கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒரு டிகிரிக்குள்தான் மாறும். 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் போகும் பொருளோ 14 டிகிரி தள்ளித் தெரியும். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நொடி தப்பினால், தலைக்கு மேல் அது நிலவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு விலகிவிடும். அது பூமியின் நிழலுக்குள் போய்விட்டதா என்றும் பார்க்க வேண்டும். வெயில் படாவிட்டால் கண்ணுக்குத் தெரியாதே! யூனிக்ஸில் எல்வுட் டவுனியின் எக்ஸ்எஃபெம் இதை 1990களிலேயே செய்தது. 2000 வாக்கில் ஃபிரான்சில் ஃபாபியன் ஷெரோ தொடங்கிய ஸ்டெல்லேரியத்தில் செயற்கைக்கோள் பிற்பாடு ஒரு ப்ளக்-இன் ஆகத்தான் வந்து சேர்ந்தது.

இந்தக் கணக்கு பொதுமக்களுக்குக் கொடுத்த பெரிய விருந்து இரிடியம் மின்னல். 1997 முதல் ஏவப்பட்ட இரிடியம் செயற்கைக்கோள்களின் ஆன்டெனாக்கள் கண்ணாடி மாதிரி வழவழப்பானவை. சூரிய ஒளி பட்டுச் சில நொடிகள் வெள்ளியைவிடப் பிரகாசமாக மின்னும். இந்த நிமிடம், இந்தத் திசை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நண்பர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனால் நம்மை ஜோசியர் என்றே நினைப்பார்கள். புதிய இரிடியங்களில் அந்த ஆன்டெனா இல்லை. பழையவற்றில் பெரும்பாலானவை கீழே இறக்கப்பட்டுவிட்டன.

அதே இரிடியம்தான் இன்னொரு பாடத்தையும் எடுத்தது. 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே, இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 மீது செயலிழந்து சுற்றிக்கொண்டிருந்த காஸ்மோஸ் 2251 மோதி இரண்டும் நொறுங்கின. பொதுவில் கிடைத்த டி.எல்.இ. கணக்குப்படி இரண்டும் 584 மீட்டர் தள்ளிக் கடந்திருக்க வேண்டும். அன்றைய ஆபத்துப் பட்டியலில் அந்த ஜோடி முதலிடத்தில்கூட இல்லை. டி.எல்.இ.யில் எடுத்த அன்றைக்கே ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம், நாளாக நாளாகக் கூடும். மொட்டை மாடிக்கு அது ஒன்றுமில்லை. மோதலைத் தவிர்க்கவோ போதாது.

வரிகள் பழசாவதற்கு முக்கியக் காரணம் காற்று. அந்த உயரத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. மெல்ல மெல்ல இறங்கி 2012 ஏப்ரலில் எரிந்து முடிந்தது. மாறாக 1958இல் ஏவிய வான்கார்ட் 1, பட்டியலில் ஐந்தாம் எண், இன்றும் மேலேதான் சுற்றுகிறது. பேச்சு நின்று அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அதற்கு இரண்டு வரி வந்துகொண்டே இருக்கிறது.

சிக்கல் இப்போது அட்டையிலேயே வந்திருக்கிறது. வரிசை எண்ணுக்கு ஒதுக்கியது ஐந்து கட்டம், 99999 வரைதான். 2019இல் ஸ்டார்லிங்க் ஒரே ராக்கெட்டில் 60 என்று தொடங்கியதிலிருந்து பட்டியல் வேகமாக நீள்கிறது. பழைய உடைப்புத் துண்டுகளும் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. முதல் கட்டத்தில் எழுத்தைப் போட்டுச் சமாளிக்க ஓர் ஏற்பாடு உண்டு. அட்டை வடிவத்தையே விட்டுவிட்டு விரிவான புதிய வடிவத்துக்கு மாறுங்கள் என்கிறார் கெல்சோ. மாறாத பழைய மென்பொருள்களில் புதிய கோள்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஆண்டுக்கு இரண்டு கட்டம் என்ற விஷயமும் பாக்கி இருக்கிறது. ஸ்புட்னிக்கின் ஆண்டை வைத்து, 57 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 00 முதல் 56 வரை இந்த நூற்றாண்டு என்று கொள்வது வழக்கம். பழைய வரிகளை நம்பியிருக்கும் மென்பொருளுக்கு 2057 ஜனவரி 1 அன்று விடிவது 1957ஆக இருக்கும். இன்று முதலாண்டில் சேர்ந்திருப்பவர்களுக்கு அப்போது ஐம்பது வயதாகியிருக்கும்.